இடது பக்கம் போதும்

கேசட்டை சிடியாக மாற்றும் தொழிலில், வாடிக்கையாளர் கொண்டுவரும் கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் முழுசாக உட்கார்ந்து கேட்க வேண்டியது நாம். தெருவிலேயே முதலாவதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பாவத்துக்கு, ஒன்றுவிட்ட அத்தையின் கொலுப் பாட்டு வரைக்கும் மாற்றிக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூர் விஜயநகரில், எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் இந்தக் கடையை வைத்திருந்தேன். எங்களிடம் கார் கிடையாது. என் அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்தவர்; நான் இங்கேயே பிறந்து, தமிழைக் கன்னடம் மாதிரியும் கன்னடத்தைத் தமிழ் மாதிரியும் பேசி வளர்ந்தவள். கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு சிடி ரைட்டர், இரண்டு டேப் டெக், ஒரு சிவண்ணா. சிவண்ணா டேப் ரெக்கார்டர் மெக்கானிக். அறுந்த நாடாவை ஒட்டுவதும், ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதும் அவர் இலாகா. கம்ப்யூட்டரை அவர் தொடமாட்டார். கொஞ்சம் தள்ளியே உட்காருவார்.

பதில் போடுகிறவன்

கடையில் ஓடிய மென்பொருள் எல்லாம் இலவசம். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒட்டி வந்த சிடியில் லினக்ஸ் இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போராடி அதை ஏற்றினேன். சிடியிலிருந்து பாட்டை எடுக்க ஒரு புரோகிராம், ஒலியை மாற்ற ஒன்று, சிறிதாகச் சுருக்க ஒன்று, திரும்ப சிடியில் எழுத ஒன்று. எதற்கும் காசு இல்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இதை ஒரு விளம்பரமாக நினைத்து வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் லேஅவுட்டிலேயே இருந்த ஒரு பென்ஷன்காரர், தன் மகள் கல்யாண நாதஸ்வரக் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று அரைமணி விசாரித்தார். இதை யார் செய்தது என்றார். யார் யாரோ, பல தேசத்துக்காரர்கள் என்றேன். கெட்டுப்போனால் யாருக்கு எழுதுவது என்றார். அவர்களுக்கே எழுதலாம், நான்கூட ஒரு தடவை ஈமெயிலில் சந்தேகம் கேட்டேன், மறுநாளே பதில் வந்துவிட்டது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"என் பென்ஷன் விஷயமா மூணு வருஷமா எழுதறேன், சம்பளம் வாங்கறவன் ஒருத்தனும் பதில் போடல. காசே வாங்காதவன் மறுநாளே போடறான்னா, அதுல என்னமோ இருக்கு மேடம்."

விபூதி

சிடியிலிருந்து பாட்டை எடுக்கும் புரோகிராம் ரொம்பவும் சந்தேகப் பிராணி. ஒரே இடத்தை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நகரும். கீறல் வந்தால் மறுபடி மறுபடி படிக்கும். அது வேலை செய்யும்போது திரையின் ஓரத்தில் எழுத்துகளாலேயே போட்ட ஒரு சின்ன முகம் தெரியும். நன்றாகப் போனால் சிரிக்கும். கஷ்டமானால் வாய் கோணும். முடியவே முடியாது என்றால் முழி பிதுங்கும். சிவண்ணா கம்ப்யூட்டரில் மரியாதை வைத்திருந்தது அந்த முகத்துக்கு மட்டும்தான்.

ஒரு நடன டீச்சர் தன் மாணவியின் அரங்கேற்றத்துக்கான பாட்டு சிடியைக் கொண்டுவந்தார். வீட்டு பிளேயரில் திக்குகிறது, சரிசெய்து வேறு சிடியில் போட்டுத் தர வேண்டும், ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குப் போட்டேன். முதல் பாட்டிலேயே முகம் கோணியது. நாலு மணிக்கு இன்னும் அதே பாட்டு. முழி பிதுங்கியபடி நின்றது. சிடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் என்று சொல்ல முடியாது. வட்டம் வட்டமாக, பொறுமையாக, அக்கறையோடு போட்ட ஆயிரம் கீறல்கள்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வெள்ளி விளக்கைத் துடைக்கிற மாதிரி வாராவாரம் விபூதி போட்டுத் துடைத்ததாகச் சொன்னார். சிடி வெள்ளி இல்லை என்று விளக்கினேன். அரங்கேற்றத்துக்குப் பாட்டுக்காரரையே நேரில் வரவழைத்தார்கள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு டீச்சர் வருத்தப்பட்டது என்மேல்தான்.

"வெள்ளி இல்லேன்னா, எதுக்குங்க வெள்ளி மாதிரியே பண்ணி விக்கறாங்க?"

பாதிப் பாட்டு

ஹனூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கொள்ளேகாலில் மஞ்சள் மண்டி வேலையை முடித்துக்கொண்டு, அப்படியே மைசூருக்கு பஸ் ஏறியவர். தங்கை கல்யாணத்தில் பெண்கள் பாடிய நலங்குப் பாட்டுக் கேசட். நான் மாற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். கோபமாக வரவில்லை, கோபத்தை எங்கோ வைத்துவிட்டு வந்தவர் போல ரொம்ப நிதானமாக வந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த செட் இருந்ததாம். எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துப் போட்டிருக்கிறார். ஒரு ஸ்பீக்கர் பாடியது, இன்னொன்று சும்மா இருந்தது. பழைய ரெக்கார்டர், ஒரே மைக். சத்தம் இடது தடத்தில் மட்டும்தான் பதிவாகியிருந்தது, வலதில் வெறும் இரைச்சல். இதை அவருக்கு விளக்க ஒரு டீயும் ஒரு படமும் ஆயிற்று. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, படத்தையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அதெல்லாஞ் செரிங்க. ஆனா மிச்சப் பாதிப் பாட்டு உங்ககிட்டயே நின்னு போச்சாட்ட இருக்குதுங்."

அன்றைக்கு ஒரு தீர்மானம் செய்தேன். வீட்டில் எடுத்த கேசட் எதுவானாலும் இடது பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு, அதையே இரண்டு பக்கமும் போட்டுவிடுவது. வலது பக்கத்தைக் கேட்கவே வேண்டாம். ஹார்ட் டிஸ்கில் பாதி இடமும் மிச்சம்.

சபாஷ்

அடுத்த தெருவில் ஒரு அம்மாள் வீட்டிலேயே வீணை வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பின்னால் வேண்டாத சத்தங்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். கேட்டுப் பார்த்தேன். ஃபேன் சத்தம், தெருவில் கொத்தமல்லி விற்கிறவர், அவ்வப்போது ஏதோ முனகல். ஒலியை மாற்றும் புரோகிராமில் அதற்கும் வழி இருந்தது. ஒரு அளவு வைத்துவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் சின்னச் சத்தத்தை எல்லாம் அது சுத்தமாக மௌனமாக்கிவிடும். வைத்தேன். வீணை கம்பீரமாக நின்றது.

மறுநாள் அந்த அம்மாளின் கணவர் தனியாக வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் தான் நடுவில் ஐந்தாறு தடவை மெதுவாக சபாஷ் சொல்லியிருந்ததாகவும், அது எதையும் காணோம் என்றும் கூச்சத்தோடு சொன்னார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மறுபடி போட்டுத் தருகிறேன் என்று அந்த அம்மாளுக்கு போன் செய்தேன். அவர் அவசரமாக மறுத்தார்.

"ஐயோ, வேண்டாம்மா. நான் எடுக்கச் சொன்னதே அதைத்தான்."

பிரிவுபசாரம்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பிரிவுபசார விழாப் பேச்சைக் கொண்டுவந்தார். அவர் ஒரு வாக்கியம் பேசிவிட்டு, அது போய்ச் சேரும்வரை காத்திருந்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறவர். கேசட்டில் சக்கரம் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், அதனால் இது உறுத்தவில்லை; சிடியில் உறுத்தியது. அவர் வீட்டில் ஒவ்வொரு மௌனத்துக்கும் யாரோ ஒருவர் எழுந்துபோய், பிளேயர் நின்றுவிட்டதோ என்று பொத்தானை அமுக்கி, பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று நாள் முயன்றும் குடும்பத்தில் ஒருவரும் ஐந்தாவது நிமிஷத்தைத் தாண்டவில்லை.

சிடியைத் திருப்பி வாங்கி, இரண்டு நொடிக்கு மேல் மௌனம் இருந்தால் அதை வெட்டிவிட்டு முன்னும் பின்னும் ஒட்டும்படி செய்தேன். முக்கால் மணி நேரப் பேச்சு பத்தொன்பது நிமிஷத்தில் முடிந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை. தலைமையாசிரியர் கடையிலேயே உட்கார்ந்து முழுவதும் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதை வெட்ட முடியவில்லை.

"அன்னிக்கே இப்படிப் பேசியிருந்தா, எல்லாருக்கும் காபியாவது சூடா கிடைச்சிருக்கும்."

மூன்று கட்டளை

இத்தனை அனுபவத்துக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. மூன்று கட்டளைகளையும் ஒன்றாகக் கோர்த்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இடது பக்கம் மட்டும் எடு, சின்னச் சத்தத்தை மௌனமாக்கு, மௌனத்தை வெட்டு. கேசட்டை ஓடவிட்டு அந்த ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். சரிபார்க்க முதல் நிமிஷத்தையும் கடைசி நிமிஷத்தையும் கேட்பேன். இடையில் வேறு வேலை பார்க்கலாம். முழுசாகக் கேட்க வேண்டிய தண்டனையிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று சிவண்ணாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

சிவண்ணாவுக்கு அது பிடிக்கவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், ரசத்தைச் சாரு என்கிற தன்னுடைய கன்னடத் தமிழில் சொன்னார்:

"சாரு ருசி பாக்காம பரிமாறுறது சரி இல்ல அக்கா. ஸ்வல்ப நடுவுலயும் கேளுங்க."

பதினோரு சிடி

நரசிம்மன் சார் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், மேல்கோட்டைப் பூர்வீகம். அவர்கள் வீட்டுத் தமிழ் ஒரு தனி ரகம். என்னிடம் பேசும்போது எனக்காக அதைக் கொஞ்சம் சாதாரணமாக்கிக்கொள்வார். அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு கேசட். ஏழு வருஷத்துக்கு முன் அவர் அப்பாவின் சதாபிஷேகத்தன்று வீட்டில் எல்லோரும் கூடி ஆழ்வார் பாசுரம் சொன்ன சேவை. அதைப் பதினோரு சிடியாக எடுத்து, மகளின் கல்யாணப் பத்திரிகையோடு பதினோரு வீட்டுக்குக் கொடுக்கப் போகிறார்.

பத்து வீடு ஒப்புக்குத்தான் என்று அவரே சொன்னார். முக்கியம் பதினோராவது வீடு, நஞ்சன்கூட்டில் ஃபாக்டரி வேலையில் இருக்கும் தம்பி சம்பத்துடையது. அப்பா போனபிறகு அவருடைய வருஷ திதியை யார் வீட்டில் செய்வது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து, ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் செய்கிறார்கள். அப்பாவுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை சாப்பாடு. சித்தப்பா வராமல் மணையில் உட்காரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். தபாலில் பத்திரிகை மட்டும் போனால் தம்பி வரமாட்டார். நேரில் போய்க் கூப்பிட அண்ணனுக்கு மனசு வரவில்லை. கடைசியாக இரண்டு பேரும் சேர்ந்து வாய்திறந்தது இந்தக் கேசட்டில்தான்.

எனக்குப் பாசுரம் தெரியாது. ஸ்கிரிப்டின் பெயரைத் தட்டினேன். முதல் நிமிஷம் கேட்டேன். பத்து இருபது பேர் சேர்ந்து கணீரென்று சொன்னார்கள். கடைசி நிமிஷமும் அப்படியே. எங்கள் ரைட்டர் ஒரு சிடி எழுத நாற்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். பதினொன்றும் முடிய இரண்டு நாள் ஆயிற்று. நரசிம்மன் சார் சிடிகளை மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டு, பதினோராவதை மட்டும் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வாயால கூப்பிட்டா வரமாட்டான். இதைக் கேட்டான்னா வருவான்."

சித்தப்பா எங்கே

பத்து நாள் கழித்து நரசிம்மன் சார் மறுபடி வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நான் என்ன செய்துவிட்டேன் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பாசுர சேவையில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காருவார்கள். பாசுரத்தின் முதல் பாதியை ஒரு வரிசை சொல்லும், மறுபாதியை எதிர் வரிசை சொல்லும். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். அன்றைக்கு வரிசைக்கு ஒன்றாக இரண்டு மைக் வைத்திருந்தார்கள். அப்பாவும் அண்ணனும் இருந்த வரிசை இடது தடத்தில். தம்பி இருந்த வரிசை வலது தடத்தில்.

என் ஸ்கிரிப்ட் வலது பக்கத்தைத் தொடவே இல்லை. அண்ணன் பக்கத்து மைக்கில் தம்பியின் குரல் தூரத்திலிருந்து மெலிசாக விழுந்திருந்தது. அதைச் சின்னச் சத்தம் என்று மௌனமாக்கியது. மௌனத்தைப் பிறகு வெட்டிவிட்டது. மிச்சம் இருந்தது அண்ணன் வரிசையின் முதல் பாதிகள், ஒன்றின் வாலில் அடுத்ததன் தலை ஒட்டி, தடங்கல் இல்லாமல் ஒரு முழு சிடி. தம்பி அந்த வீட்டில் பிறந்ததற்கே அடையாளம் இல்லை. நான் கேட்டது நடுவில் ஒரே ஒரு நிமிஷமாக இருந்தால்கூடத் தெரிந்திருக்காது. அவ்வளவு சுத்தமான வேலை.

பதினோரு வீட்டுக்கும் இது போய்விட்டது. பெங்களூர் உறவுக்காரர் ஒருவர் போன் செய்து, தம்பியை இவ்வளவு நறுவிசாக நீக்கியதற்கு அண்ணனைப் பாராட்டியிருக்கிறார். சம்பத் வீட்டிலிருந்து பத்திரிகை, சிடி இரண்டும் அதே கவரில் திரும்பி வந்துவிட்டன. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்பு கேட்டிருப்பேன். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நரசிம்மன் சார் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் பொண்ணு சிடியைப் போட்டுக் கேட்டுட்டு, சித்தப்பா எங்கேப்பான்னு கேக்கறா. நான் என்னம்மா சொல்லட்டும்?"

நல்ல மைக்

கேசட்டைத் திரும்ப வாங்கி, ஸ்கிரிப்ட் இல்லாமல், இரண்டு பக்கமும் அப்படியே மாற்றினேன். எழுபது நிமிஷமும் உட்கார்ந்து கேட்டேன். சிவண்ணாவும் கூட உட்கார்ந்து கேட்டார். ருசி பார்ப்பதைப் பற்றி அவர் பேச்சே எடுக்காதது பெருந்தன்மை. மறுநாள் காலை அந்த சிடியையும், கையில் பிடிக்கிற சிடி பிளேயரையும், காதில் மாட்டுகிற செட்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பி வந்த கவரில் பார்த்து வைத்திருந்த விலாசத்தைத் தேடி நஞ்சன்கூடு பஸ் ஏறினேன்.

சம்பத் சார் என்னை உட்காரச் சொன்னார், காபி கொடுக்கச் சொன்னார், நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. அண்ணாதான் உங்களை அனுப்பியிருக்கிறார் என்றார். இல்லை, நான் வந்ததே அவருக்குத் தெரியாது என்றேன். அத்தனை பேரில் தன்னுடைய வரிசையை மட்டும் ஒரு மிஷின் எப்படித் தேடிப்பிடித்து எடுக்கும், அதற்கு யார் தன்னைக் காட்டிக் கொடுத்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஹனூர் விவசாயியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இடது பக்கம் மட்டும் போதும் என்று முடிவு செய்தது நான்தான் என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செட்டை அவர் காதில் மாட்டி பிளேயரை ஓடவிட்டேன். இடது காதில் அண்ணன், வலது காதில் அவர். கொஞ்ச நேரம் இரண்டையும் கேட்டார். பிறகு வலது பக்கத்தைக் கழற்றிவிட்டு இடது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் அவருடைய அப்பாவின் குரலும் இருந்தது. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். காபி ஆறிப் போயிற்று. கடைசியில், இடது பக்கம் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது, வலது பக்கம் ஏன் இரைகிறது என்று கேட்டார். மைக் வித்தியாசம் என்றேன். ஒன்று நல்ல மைக், இன்னொன்று பழசு. அவர் காதிலிருந்து எடுத்து, வயரை ஒழுங்காகச் சுற்றி என் கையில் கொடுத்தார். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. சொன்னது இதுதான்:

"டெக் என்னோடது, மைக்கும் என்னோடது. நல்லதை அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் வெச்சுட்டு, பழசை நான் வெச்சுண்டேன்."

எதிர் வரிசை

திரும்பும் வழியிலேயே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு பஸ் மாறி, நரசிம்மன் சாரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு யார் எந்த மைக்கை எங்கே வைத்தார்கள் என்று தான் கவனிக்கவே இல்லை என்று மட்டும் சொன்னார். பிறகு கல்யாணத்துக்கு முதல் நாள் சத்திரத்தில் சேவை இருக்கிறது, நீ வந்து ரெக்கார்ட் பண்ணித் தர வேண்டும் என்றார். ஏற்கனவே செய்த வேலையைப் பார்த்த பிறகும் என்னைக் கூப்பிட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்.

அன்றைக்கு சிவண்ணாவும் நானும் இரண்டு மைக்கோடு போனோம். இரண்டும் ஒரே மாதிரியானவை. சிவண்ணா அதில் பிடிவாதமாக இருந்தார். ஒரு வரிசையில் நரசிம்மன் சார் தலைப்பில், முதல் ஆளாக உட்கார்ந்தார். எதிர் வரிசையின் தலைப்பு காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவும் இல்லை, ஏன் உட்காரவில்லை என்று கேட்கவும் இல்லை. கல்யாணப் பெண் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஆரம்பிக்கிற நேரம் தாண்டி கால் மணி ஆயிற்று. சம்பத் சார் மனைவியோடு வந்தார். வந்தவர் யாரையும் பார்க்காமல், நேராகப் போய்க் காலியாக இருந்த அந்த எதிர்த் தலைப்பில் உட்கார்ந்தார். பெண் நடப்பதை நிறுத்தினாள். நான் வலது பக்க மைக்கை எடுத்து அவர் முன்னால் வைக்கப் போனேன்.

அப்போது நரசிம்மன் சார் பேசினார். ஆறு வருஷத்தில் தம்பியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. குரலை உயர்த்தவில்லை, தன் பக்கத்தில் இருந்தவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, தரையைத் தட்டிக் காட்டினார். சம்பத் சார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிர் வரிசைக்குத் தலைப்பு இல்லாமல் போய், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவர வேண்டியதாயிற்று. சிவண்ணா எதற்கோ குனிந்து வயரை ரொம்ப நேரம் சரிபார்த்தார். நானும் குனிந்தேன். அண்ணன் சொன்னது:

"சம்பத்து, நீ இந்தப் பக்கம் வா. அந்தப் பக்கம் உக்காந்தா இந்தம்மா உன்னை மறுபடியும் எடுத்துடுவா."

சொன்னதைச் சொன்னபடி செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் நஞ்சன்கூடு வரை பஸ்ஸில் போய்வர வேண்டியிருக்கிறது.